கொம்பு வண்டிக்குத் தரை

“இன்னொரு சுத்து சுத்தி உடு. வழுக்குது,” என்று ராயப்பன் தலையைக் குனிந்து கொடுத்தான்.

இன்னாசிமேரி கோணி ஊசியை முந்தானையில் குத்திவிட்டு எழுந்தாள். அவனுக்கு இடது தோள் காதுக்கு மேலே தூக்க வராமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூட்டை சுமக்கும்போது வராத வலி சும்மாடு கட்டும்போது வந்துவிடும். அதனால் காலையில் கிடங்கு திறந்ததும் அவன் தலையில் துண்டைச் சுற்றிவிடுவது அவளுடைய முதல் வேலை. கிழிந்த சாக்கு தைப்பதும், சிந்திய ஜவ்வரிசியைப் பெருக்கிச் சலிப்பதும் அதற்குப் பிறகுதான்.

“ராத்திரிக்கு என்ன?”

“கொள்ளு ஊறப் போட்டிருக்குது.”

“வெறகு எரியுமா?”

“எரியாட்டி நீங்க குந்தி ஊதுங்க.”

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். 1964ஆம் வருடத்து ஐப்பசி. நான்கு நாளாக விடாத தூறல். சங்ககிரிச் சாலையில் போகிற லாரிகள் செம்மண் தண்ணீரை வாரிக் கிடங்குச் சுவரில் அடித்துவிட்டுப் போயின. கல்கத்தா வேகனுக்கு அன்று முந்நூறு மூட்டை எடுக்க வேண்டியிருந்தது.

அவள் மூன்றாவது சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தொம் தொம்மென்று விழுந்தது. பிறகு மழை பிடித்ததுபோல ஒரு சரசரப்பு. ஜவ்வரிசி வாசல்வரை உருண்டு வந்து அவள் பாதத்தில் முட்டி நின்றது.

பதினாறு மூட்டை உயரம் ஏற்றிய அட்டி அது. ஓட்டில் ஒழுகிய தண்ணீர் சுவர்வழியே இறங்கி அடிமூட்டையின் சாக்கை இற்றுப்போக வைத்திருந்தது. அடியில் ஒன்று வாய் பிளந்துவிட்டால் ஜவ்வரிசி நிற்காது. நெல் குவியும், இது ஓடும். ஓடியது. மேலே இருந்த வரிசை மொத்தமும் சாய்ந்தது. கூட மூட்டை தூக்குகிற செங்கோடனும் மற்றவர்களும் மூட்டைகளை வாரி எறிந்து, அடியில் கிடந்த ராயப்பனை வெளியே எடுத்தார்கள். எதற்கும் நேரமில்லாமல் போயிருந்தது. அவள் சுற்றிவிட்ட சும்மாடு மட்டும் அவிழாமல் இருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு நான்கு நாள் முன்பு அவனை அடக்கம் செய்தார்கள். திருநாளன்று ஊரே பழைய கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது. இவளும் மகள் இன்பமேரியும் ஈரமண் மேட்டில் மெழுகுவத்தியை நட்டார்கள். காற்றுக்கு அது நிற்கவில்லை. இன்பமேரி உள்ளங்கையைக் குழித்து மறைத்துக்கொண்டாள். பதினேழு வயதுப் பெண். அழுது முடித்துவிட்டு, “அம்மா, நாளைக்கி வேலைக்குப் போறியா?” என்று கேட்டாள்.

“ஏழாம் நாள் பூசை முடியட்டும்.”

முடிந்த மறுநாள் போனாள். கிடங்கில் இருந்த பதினெட்டு ஆட்களில் இப்போது பதினேழு பேர். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்யும் இடத்தில் ஒருவன் செத்தால் ஒரு வருடத்துக்கு அவன் பங்கு எடுத்து வைக்கப்படும். சனிக்கிழமை கூலி பிரிக்கும்போது அது அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும். ராயப்பன் இருந்த இடத்தில் செங்கோடன்தான் இப்போது மேஸ்திரி. முதல் சனிக்கிழமை அவன் அந்தப் பங்கை ஒரு வெற்றிலைமேல் வைத்து நீட்டியபோது இன்னாசிமேரி தலையைக் குனியாமல் வாங்கிக்கொண்டாள். அது இனாமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அட்டி விழுந்ததில் முதலாளி வெங்கடாசலம் ஆடிப்போயிருந்தார். அவர் அப்பா கட்டிய கிடங்கு. சேலத்துக்கு மேற்கே அந்தச் சாலையில் அதுதான் பெரியது. கிழங்கு அறுவடை காலத்தில் எட்டாயிரம் மூட்டை தாங்கும். பரமத்தி வேலூர் வெற்றிலையைத் தவிர வேறு எதையும் மெல்லாத மனிதர், பதினைந்து நாளாக வெற்றிலையைத் தொடவில்லை என்று பெருமாயி சொன்னாள். பெருமாயி இன்னாசிமேரியோடு சாக்குத் தைப்பவள். அவளுக்குத் தெரியாமல் அந்தச் சாலையில் ஒரு கோழிகூட முட்டையிட முடியாது.

“மெசினு வருதாம் அக்கா,” என்றாள் பெருமாயி. “முன்னால ரெண்டு கொம்பு வெச்ச வண்டி. மூட்டைக்கு அடியில கொம்பக் குடுத்துத் தூக்கி, பனமரம் ஒசரத்துல வெக்குமாம். ஆளு பக்கத்துலயே போக வேண்டியதில்லையாம்.”

“ஆளு போக வேண்டாம்னா ஆளு எங்க போறது?”

“அதத்தான் ஆம்பளைங்க மூணு நாளா மரத்தடியில ஒக்காந்து பேசறாங்க. நம்ம பச்சமுத்து வாழப்பாடிக்கே போயிடறேங்கறான். அவன் சம்சாரம், போடா, போயி அங்கயும் நீ மூட்டைதான் தூக்குவேன்னு சொல்லிப்போட்டா.”

ஆனால் முதலாளி ஆட்களைக் கூப்பிட்டுத் தெளிவாகவே சொன்னார். யாரையும் நிறுத்தப்போவதில்லை. உயரத்தில் ஏற்றுகிற வேலை மட்டும் வண்டிக்கு. ஓட்டப்போவது செங்கோடன். அவன் சங்ககிரியில் ஆறு வருடம் லாரிக் கிளீனராக இருந்து லைசென்ஸ் எடுத்தவன். மனைவி வீட்டார் ஊர் இது என்பதால் மூட்டைக்கு வந்தவன். அன்றைக்கு அவன் நடந்த நடையைப் பார்த்துப் பெருமாயி, “ஏனுங்க டிரைவர், ஆரன் அடிக்காமப் போறீங்க?” என்றாள்.

“அடிச்சா நீ ஒதுங்கவா போறே?” என்றான் செங்கோடன்.

கார்த்திகை முதல் வாரத்தில் மெட்ராஸிலிருந்து கம்பெனி ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, நாற்பது வயது இருக்கும். நல்ல மனிதர். கிடங்கு வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். மேஜைமேல் படங்களை விரித்தார். முதலாளி, கணக்குப்பிள்ளை, செங்கோடன் மூவரும் குனிந்து பார்த்தார்கள். இன்னாசிமேரி நாலு முழம் தள்ளிப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“இது மூணு டன் டீசல் வண்டி. ஹார்பர்ல இதுதான் ஓடுது. ஒரு தடவைக்கு முப்பத்துமூணு மூட்டை. இது ஒரு டன் பாட்டரி வண்டி, பதினோரு மூட்டைதான் வரும். உங்களை மாதிரி பெரிய கிடங்குக்கு நான் டீசலைத்தான் சொல்வேன். கரண்ட் போச்சே, பாட்டரி ஏறலையேன்னு நிற்க வேண்டாம்.”

முதலாளிக்கு அந்தப் பெரிய வண்டிதான் பிடித்திருந்தது. அதன் சக்கரங்களை விரலால் தடவினார். பிறகு வேடிக்கையாகத் திரும்பி, “ஏன் இன்னாசி, நீ என்ன சொல்றே? எந்த வண்டி எடுக்கலாம்?” என்றார்.

அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். “அது பொகை உடுமாங்க?”

கம்பெனி ஆள் சிரித்தார். “டீசல்னா கொஞ்சம் விடும்மா.”

“ஊட்டுக்குள்ள அடுப்பு பொகைஞ்சாச் சோத்துல நாத்தம் புடிக்குமுங்க. இது மாவுப் பண்டம். முந்தின வருசம் மண்ணெண்ணெ டின்னு ஏத்தின லாரியில நம்ம சரக்குப் போயி, கல்கத்தாக்காரன் மோந்து பாத்துட்டு ஒரு வேகனத் திருப்பி உட்டானுங்களே. இந்தக் கெடங்குக்கு ரெண்டே ரெண்டு சன்னலுங்க.”

முதலாளியின் விரல் படத்தின்மேலேயே நின்றது. அந்த வேகன் திரும்பி வந்தது அவருக்கு மறக்கக்கூடியதல்ல.

“அந்தக் கொம்பு ஏறி எறங்கற தூணு எத்தன அடிங்க?” என்று அவளே மேலும் கேட்டாள்.

“கீழே இறக்கி வைச்சா ஏழே முக்கால்.”

“நம்ம நடுக்கதவு ஏழரை வராதுங்க.”

“அளந்திருக்கீங்களா?”

“எட்டடி ஒட்டடைக் கம்ப நட்டமா வெச்சு இந்தக் கதவுல நொழைய முடியாதுங்க. ஒரு சாண் சாய்க்கோணும். பத்து வருசமாச் சாய்ச்சுட்டுத்தான் போறேன்.”

கம்பெனி ஆள் பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு போனார். ஏழு அடி நான்கு அங்குலம் என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார். செங்கோடன் முகத்தைத் துண்டால் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டு சிரித்தான்.

“சரி, கதவை இடிச்சுக் கட்டலாம், புகைக்கு மேலே காற்றாடி வைக்கலாம்,” என்றார் கம்பெனி ஆள். அவரும் தன் வேலையில் கெட்டிக்காரர். கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “வண்டி ஓடறதுக்குப் பன்னிரண்டு அடி அகலத்துல ஒரு பாதை வேணும். அதுக்கு நீங்க பெரிய அட்டி எதையும் கலைக்க வேண்டாம். இந்த வடக்கு ஓரம் பாருங்க. வாசல்லேருந்து கடைசிச் சுவர்வரைக்கும் ஆறு மூட்டை உயரம்தான் போட்டிருக்கீங்க. இதைக் காலி பண்ணிட்டா இதுவே பாதை.”

“ராயப்பன் எப்பவும் அந்த ஓரத்துல ஆறுக்கு மேல ஏத்தமாட்டான்,” என்றார் முதலாளி. “காத்தோட்டம்னு சொல்லுவான். மத்த எடத்துல பன்னெண்ட பதினாறாக்கி எனக்குச் சரிக்கட்டிக் குடுத்தான்.”

செங்கோடன் இன்னாசிமேரியைப் பார்த்தான். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அந்த ஓரத்தில் காற்றோட்டம் எதுவும் இல்லை. கிடங்கு எழும்புவதற்கு முன்னால் அந்த இடம் முதலாளி வீட்டுக் களமாக இருந்தது. களத்தின் வடக்கு ஓரத்தில் சோளக் குழிகள் வரிசையாக இருந்தன. வாய் குறுகி, உள்ளே பானைபோல அகன்று, இரண்டு ஆள் ஆழம். கிடங்கு கட்டியவர்கள் அவற்றின் வாயைக் கற்பலகையால் மூடி, மேலே சுண்ணாம்புக் காரை போட்டுத் தரையாக்கிவிட்டார்கள். ஐம்பத்தெட்டாம் வருடம் ஒரு மூட்டை உயரத்திலிருந்து விழுந்தபோது எழுந்த சத்தத்தை வைத்து ராயப்பன் அதைக் கண்டுபிடித்தான். எங்கெங்கே குழி என்று தட்டித் தட்டிப் பார்த்தது இன்னாசிமேரி. ஏழு குழி. பெருக்கும்போது துடைப்பக் கட்டை தரையில் பட்டால் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும்.

முதலாளியிடம் சொல்லியிருந்தால் தரையைத் தோண்டுவார். கிடங்கை இரண்டு மாதம் மூடுவார். அந்த இரண்டு மாதத்தில் பதினெட்டுப் பேரும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள், திரும்பும்போது அந்த இடத்தில் வேறு கூட்டம் நிற்கும். ராயப்பன் இப்படித்தான் கணக்குப் போட்டான், செங்கோடனிடம் மட்டும் சொல்லி வைத்தான். குழி வரிசைமேல் ஆறு மூட்டை. குறைந்ததை மற்ற அட்டியில் உயரமாக்கிச் சரிசெய்வது. ஆறு வருடம் அது நின்றது.

பொழுது சாயும் நேரத்தில் செங்கோடன் வீட்டுக்கு வந்தான். தூறல் விட்டிருந்தது. இன்பமேரி கம்மஞ்சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் வாசல்படியில் குந்திக்கொண்டு வெகுநேரம் காலில் ஒட்டிய சேற்றையே உரித்தான்.

“சாப்புடு,” என்றாள் இன்னாசிமேரி.

“ஊட்ல ஆக்கியிருக்குதுக்கா.”

“இங்கயும் ஆக்கியிருக்குது.”

தட்டை வாங்கிக்கொண்டான். கத்தரிக்காய்க் கடைசலைத் தொட்டு இரண்டு வாய் தின்றபிறகு சொன்னான். “அக்கா, நீ வாயத் தொறக்காத. குழி எங்கெங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். ஒதுக்கி ஒதுக்கி ஓட்டிக்குவேன்.”

“பன்னெண்டடிப் பாதையில ஏழு குழி. எந்தப் பக்கம் ஒதுக்குவே?”

“மெதுவாப் போவேன்.”

“மெதுவாப் போனா வண்டி எளைச்சுப் போயிருமா? அந்தாளு சொன்னதக் கேட்டியா இல்லியா? அந்தப் பெரிய வண்டி வெறும் வண்டியே நாலு டன்னு. மூட்டையோட ஏழு. அத்தனையும் முன்னால இருக்கற ரெண்டு சக்கரத்துமேலதான் எறங்குதுன்னு சொன்னாரு. மூட்டைய அடுக்கினாப் பாரம் பரவி நிக்கும். சக்கரம் ஒரு கை அகலத்துல குத்தும். நீ குழிக்குள்ள போவே, வண்டி உன் மேல வரும்.”

செங்கோடன் தட்டில் கோலம் போட்டான்.

“நாளைக்கி உனக்குக் காய்ச்சல்னு வெச்சுக்க. வேற எவனாச்சும் ஓட்டுவான். அவனுக்கு எவன் சொல்லுவான்?”

“சொன்னா என்னாகும்னு யோசிச்சியா? அண்ணன் பேரு என்னாகும்? இத்தன வருசம் மறைச்சிட்டான், அதனாலதான் அட்டி ஒசந்துச்சு, அதனாலதான் விழுந்துச்சு, அவனாத் தேடிக்கிட்டதுன்னு மொதலாளி சொல்லிப்போடுவாரு. நம்ம ஆளுங்களும் சும்மா இருப்பாங்களா? அவங்க வாயில நீ மண்ணப் போட்டேன்னு உன் பங்க நிறுத்திப்போட்டா?”

“நீதான மேஸ்திரி. நிறுத்துவியா?”

“நான் நிறுத்துவனாக்கா? ஆனா பதினேழு பேரு இருக்கறோம்.”

இதுவரைக்கும் அடுப்படியில் இருந்த இன்பமேரி, “அப்பன் பேரக் காப்பாத்தறதுக்கு மாமன் சாவோணுமா?” என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரண்டியைப் பானை விளிம்பில் தட்டினாள்.

செங்கோடன் தட்டைக் காலி செய்தான். இன்னாசிமேரி கேட்காமலேயே இன்னொரு அகப்பை வைத்தாள். அவளுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. பாதை எங்கே என்று கம்பெனி ஆள் கையை நீட்டிக் காட்டிய நிமிடத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். இவனுக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்பதுதான் பாக்கி.

“காலையில கடப்பாரை எடுத்துட்டு வா,” என்றாள். “நீயே தூக்கிட்டு வரோணும். உனக்குத் தெரியாம நாஞ்சொன்னேன்னு ஆகப்படாது.”

மறுநாள் கம்பெனி ஆள் ஊருக்குக் கிளம்புமுன் கையெழுத்து வாங்க வந்திருந்தார். முதலாளி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். இன்னாசிமேரி செங்கோடனோடு உள்ளே வந்தாள்.

“மொதலாளி, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணக் காட்டோணுங்க.”

வடக்கு ஓரத்தில் காலையில் மூட்டை எடுத்துக் காலியான முனைக்கு அவர்களைக் கூட்டிப்போனாள். செங்கோடன் கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் குத்தினான். நங் என்றது. அவள் மூன்று அடி தள்ளிக் கால் கட்டைவிரலால் ஒரு இடத்தைக் காட்டினாள். அங்கே குத்தினான். பானைக்குள் குத்தியதுபோலப் பொத்தென்று ஒரு சத்தம்.

கம்பெனி ஆள் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

காரையைக் கொத்தி, கற்பலகையை இரண்டு பேராகப் புரட்டினார்கள். உள்ளேயிருந்து பழஞ்சோள வாடை கிளம்பியது. கணக்குப்பிள்ளை குனியப் போனார். “தள்ளுங்க, காத்து கெட்டிருக்கும்,” என்று சொல்லிவிட்டு இன்னாசிமேரி கயிற்றில் கட்டிய சிம்னி விளக்கை மெல்ல இறக்கினாள். ஒரு ஆள் ஆழத்திலேயே சுடர் சுருங்கி அணைந்துபோனது. ஒட்டடைக் கம்பை விட்டுப் பார்த்தாள். எட்டடியும் உள்ளே போயிற்று, அடி தட்டவில்லை.

“இந்த மாதிரி ஏழுங்க. வாசல்லேருந்து அந்தச் செவுருவரைக்கும். நீங்க வண்டி ஓட்டப் போறது இதுங்க மேலதான்.”

முதலாளி உட்காருவதற்கு ஒரு மூட்டை தேடினார். “எங்கப்பா களத்துக் குழி,” என்றார். “எனக்குத் தெரியும், இங்க இருந்துச்சுன்னு. தூர்த்திருப்பாருன்னுதான் நெனச்சேன்.” பிறகு தனக்குள்ளேயே பேசுவதுபோல, “எப்படித் தூர்ப்பாரு? சோளக் குழிக்கு மண்ணப் போட்டாக் குடும்பத்துக்கு மண்ணப் போட்ட மாதிரின்னு சொல்றவரு. கையால தொட்டிருக்கமாட்டாரு. வாய மட்டும் மூடிட்டுக் கட்டிப்போட்டாரு,” என்றார்.

தலையை நிமிர்த்தினார்.

“இது ராயப்பனுக்குத் தெரியுமா?”

செங்கோடன் கடப்பாரையைப் பார்த்தான்.

“தெரியுமுங்க,” என்றாள் இன்னாசிமேரி. “எனக்கும் தெரியும். ஆறு வருசமா.”

“பதினாறு அடுக்கு ஏத்தினதுக்கு அவன மெச்சி வேட்டி எடுத்துக் குடுத்தேனே.”

“அந்த வேட்டியிலதானுங்க அவரப் பொதைச்சோம்.”

முதலாளி குழியின் வாயைத் திரும்பிப் பார்த்தார்.

“அவரு செஞ்சது தப்புங்க. அதுக்கு நான் ஒத்தாசையா இருந்தது என் தப்பு. கெடங்க மூடிப்போடுவீங்க, ஆளுங்க செதறிப் போயிருவாங்கன்னு பயந்துட்டாரு. மத்தவங்களுக்குக் கேடு வரட்டும்னு நெனைக்கற ஆளில்லைங்க. தன்னோட கணக்கு நிக்கும்னு நெனச்சாரு. நிக்கலீங்க. அதுக்கடியில போனதும் அவருதானுங்க. இன்னொருத்தன் போகக்கூடாது.”

வெளியே லாரி ஒன்று பிரேக் போட்டது. மரத்தடியில் இருந்த ஆட்கள் ஒவ்வொருவராகக் கதவுக்கு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். குழியின் வாயைப் பார்த்ததும் அவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பச்சமுத்து தலையில் இருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

முதலாளி வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். காம்பைக் கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார். மூன்று வாரத்துக்குப் பிறகு மெல்லுகிற முதல் வெற்றிலை.

“கெடங்க மூடத்தான் வேணும்,” என்றார். “தரைய எடுக்காம வண்டி எப்படி ஓடும்? ஆனா குழிக்கு மண்ணப் போட எங்கையில ஆகாது இன்னாசி. எங்கப்பா செய்யாதத நாஞ்செய்யமாட்டேன்.”

“மண்ணு எதுக்குங்க? கல்லப் போடுங்க. வெள்ளக்கல் வெட்டற கரட்டுல ஒடைச்சுக் கழிச்ச கல்லு மலமலையாக் கெடக்குது. லாரி வாடகை மட்டுந்தான். குழி நெறையக் கல்லு, மேல காங்கிரீட்டு. அது தூர்க்கறது இல்லீங்க. தாங்கறது.”

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

“அந்தக் கல்ல ஏத்தி எறக்கறதுக்கு நீங்க வேற ஆளு தேட வேண்டியதில்லீங்க,” என்று அவள் கதவுப்பக்கம் கையைக் காட்டினாள். “மூட்டை தூக்கறவன் கல்லுந் தூக்குவான். மூடின ரெண்டு மாசமும் இவங்களுக்கே வேலை. ஒருத்தனும் எங்கயும் போக வேண்டாம்.”

“அப்படியே செய்யி,” என்றார் முதலாளி. “இதுல என்ன இருக்குது? வெளியாளக் கூட்டியாந்து நான் என்ன பண்ணப் போறேன்?”

அவ்வளவுதான். ஆறு வருடம் பதினெட்டுப் பேருக்காகப் பயந்து மறைத்த பேச்சு ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடிந்துபோனது. இன்னாசிமேரிக்கு அப்போதுதான் அது உறைத்தது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஒரு நாள், இதே இடத்தில், இதே மனிதரிடம், ஒரு வார்த்தை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெருமாயி வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கம்பெனி ஆள் தன் படங்களைத் திரும்ப எடுத்து விரித்தார். டீசல் படத்தை அவரே அடியில் வைத்தார். “குழியை நிரப்பின பிறகும் இந்தத் தரைக்கு ஏழு டன் வேண்டாம். சின்னதே எடுத்துக்குங்க. பாட்டரி. தூண் ஆறரை அடி, கதவை இடிக்க வேண்டாம். புகை இல்லை.” பிறகு இன்னாசிமேரியிடம் திரும்பி, “வேறே எதாவது பார்க்கணுமாம்மா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

“அதோட சக்கரம் எப்படிங்க? காத்தடிக்கறதா?”

“காத்தடிக்கறதும் இருக்கு, கெட்டி ரப்பரும் இருக்கு.”

“காத்து வேண்டாமுங்க. எத்தனதான் கூட்டினாலும் கீழ ஒரு கோணி ஊசி கெடக்கும்.”

“வெளியே மழையில லாரிக்கிட்டப் போனா கெட்டி ரப்பர் வழுக்கும்மா.”

“வெளிய எதுக்குங்க போகோணும்? நம்ம வாசத் திண்டு லாரித் தட்டு ஒசரத்துக்குச் சரியாத்தான் இருக்குது. திண்டு வரைக்கும் வந்தாப் போதும். மேல ஒரு தகரம் மட்டும் நீட்டி உடுங்க.”

அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். பாட்டரி ஏற்றுவதற்கு மத்தியானச் சாப்பாட்டு நேரமும் சாயந்திரமும் போதுமா, கரண்ட் நின்றால் என்ன செய்வது என்பதையெல்லாம் செங்கோடன் கேட்டான். இப்போது அவன் குரல் பழையபடி டிரைவர் குரலாகியிருந்தது.

தையும் மாசியும் கல் போட்டார்கள். லாரி லாரியாக வெள்ளைக்கல் வந்து இறங்கியது. முதல் குழி மட்டும் ஆறு லாரிக் கல்லை விழுங்கிவிட்டு இன்னும் கேட்டது. மத்தியானத்தில் ஆட்கள் கல்மேட்டிலேயே உட்கார்ந்து களியும் மோரும் சாப்பிட்டார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக இருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டுப் போன கழுதைக்காரன் ஒருத்தன், சுண்ணாம்பு வேண்டும் என்று விலை கேட்டான். பச்சமுத்து, “ஆளோட சேத்து எடுத்துக்க,” என்றான். சனிக்கிழமைகளில் செங்கோடன் வெற்றிலையில் பங்கு கொண்டுவந்தான். ஒரு வாரமும் தவறவில்லை. ராயப்பன் பேரை யாரும் கிடங்கில் தாழ்த்திப் பேசவில்லை. ஆனால் அட்டி பதினாறு ஏற்றிய சாமர்த்தியத்தைப் பற்றியும் யாரும் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு குழி மூடும்போதும் இன்னாசிமேரி கடப்பாரையால் தட்டிக் கேட்டாள். நங் என்றால்தான் அடுத்தது.

சித்திரையில் வண்டி வந்தது. பச்சை நிறம். செங்கோடன் மெட்ராஸுக்குப் போய் இருபது நாள் பழகி வந்திருந்தான். முதல்நாள் முதலாளி தேங்காய் உடைத்தார். இன்பமேரியும் பார்க்க வந்திருந்தாள். செங்கோடன் ஏறி உட்கார்ந்தான். சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்ததைப் பார்த்துப் பெருமாயிக்கு நம்பிக்கை வரவில்லை. “ஏனுங்க, இன்னும் கெளப்பலீங்களா?” என்றாள். அதற்குள் அது பத்தடி போயிருந்தது.

வடக்கு ஓரப் பாதையில் முதல் குழி, இரண்டாவது, மூன்றாவது. செங்கோடன் கீழே பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். அவள் கடைசிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. பாதம் தரையில் பதிந்திருந்தது. ஏழாவதையும் தாண்டி அவளுக்கு நாலடி முன்னால் வண்டி வந்து நின்றது.

“வா,” என்றாள்.

அந்த வருடத்திலிருந்து அங்கே பத்துக்கு மேல் அட்டி ஏறியதில்லை. மூட்டைச் சரிவில் ஒருத்தனும் சாகவில்லை. முதலாளிக்குப் பிறகு அவர் மகளும் மருமகனும் கிடங்கை இரண்டு மடங்காகக் கட்டினார்கள். ஓடு போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. பச்சை வண்டி போய் மஞ்சள் வண்டி வந்தது. ஒரு டன் வண்டிக்கே நாலு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. செங்கோடன் பேரைச் சொல்லித்தான் இப்போதும் அந்த ஓரப் பாதையைக் குறிக்கிறார்கள்.

ஆனால் கொம்பு தூக்க வேண்டுமென்றால் முதலில் அது நுழைகிற பலகைமேல் மூட்டை இருக்க வேண்டும். அதை ஆள்தான் வைக்க வேண்டும். லாரியிலிருந்து இறக்கி, நாலடி நடந்து, குனிந்து, பதினோரு தடவை. அப்போது ஒரு மூட்டை ஜவ்வரிசி தொண்ணூறு கிலோ. இப்போதும் தொண்ணூறு கிலோதான்.